பங்குச் சல்லடை: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



நமது கடை துவாஸில், தொழிலாளர் விடுதிகளுக்கு அருகே இருக்கிறது. அரிசி, பருப்பு, ரொட்டி மாவு, மசாலா என்று விற்கும் சாதாரணக் கடைதான். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. ஆகையால் இந்தப் பாடத்தில் பெரிய பொருளாதார சாஸ்திரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மளிகைக் கடைக்காரனுக்குத் தெரிந்த கணக்கை வைத்தே இதை எழுதுகிறோம்.

விஷயம் யாதெனில், வருஷக் கணக்கு முடித்த பிறகு கையில் நிற்கும் தொகையை என்ன செய்வது என்ற கேள்வி நம்மில் பலருக்கும் உண்டு. பாங்கில் தவணை வைப்பாகப் போட்டால் வட்டி வருகிறது. அது நமக்கு ஆகாது. வீடு வாங்க அத்தொகை போதாது. சும்மா வைத்தால் விலைவாசி அதைத் தின்றுவிடுகிறது. ஆகவே பலர் கம்பெனிப் பங்குகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஒரு தொழிலில் பங்காளியாகி இலாபத்திலும் நஷ்டத்திலும் சேருவது நம் முன்னோர் கப்பலேறிச் செய்துவந்த காரியம்தான்.

இக்காலத்தில் தரகுக் கம்பெனிகள் கைத்தொலைபேசியிலேயே ஒரு கருவியைத் தருகின்றன. அதை ‘ஸ்கிரீனர்’ என்கிறார்கள். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் இணையத்தளத்திலும் இது இலவசமாகவே இருக்கிறது. நாம் இதைப் பங்குச் சல்லடை என்று அழைப்போம். சந்தையில் உள்ள நூற்றுக்கணக்கான கம்பெனிகளையும் கொட்டி, நாம் சொல்லும் நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும் அது பிரித்துத் தருகிறது. நல்ல கருவி. ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. சல்லடை தானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எந்தக் கண் உள்ள சல்லடையை எடுப்பது என்று தீர்மானிப்பவர் கடைக்காரர். ரவைச் சல்லடையில் மாவைச் சலித்துவிட்டு, புழு தங்கவில்லை என்று சல்லடையைக் குறை கூறிப் பயனில்லை.

நாம் பட்ட அடி

பாடத்துக்கு முன் நம் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன், ஊரிலிருக்கும் நம் தாயாரை உம்ராவுக்கு அனுப்புவதற்காக 8,000 வெள்ளி ஒதுக்கி வைத்திருந்தோம். புறப்பட இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதற்குள் தொகையைச் சற்று வளர்க்கலாமே என்று ஆசை. சல்லடையைத் திறந்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டோம்: பங்காதாய வீதம் அதிகமாக இருப்பது முதலில் வரட்டும் என்று. முதலில் நின்ற கம்பெனி 12 சதவிகிதம் காட்டியது. அத்தனை பணத்தையும் அதிலேயே போட்டோம்.

அடுத்த தடவை அக்கம்பெனி பங்காதாயமே அறிவிக்கவில்லை. விலை பாதிக்கு இறங்கியது. விற்றபோது 4,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே கைக்கு வந்தது. பிறகு பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மகள் அதன் ஆண்டறிக்கையைத் திறந்து காட்டி, “அத்தா, நீங்க கடனுக்குச் சரக்குக் கொடுக்குமுன்னே ஆளோட பழைய பாக்கியைப் பார்ப்பீங்களே, இவங்களுக்கு எவ்வளவு கடன் இருக்குன்னு பார்க்கலையா?” என்று கேட்டாள். நமக்குப் பதில் இல்லை. கடன் தலைக்கு மேல் இருந்தது. அதுவும் வட்டிக் கடன்.

தாயாரை இரண்டு வருஷம் தாமதித்தே அனுப்ப முடிந்தது. அதற்குள் அவர்களுக்கு முழங்கால் தளர்ந்துவிட்டது. தவாபைச் சக்கர நாற்காலியில்தான் செய்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தையும் நம்மைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் மனம் இன்னும் ஆறவில்லை. இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

முதற் சல்லடை: தொழில்

கம்பெனி என்ன விற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வட்டிப் பாங்கு, வழக்கமான இன்ஷூரன்ஸ், மது, பன்றி இறைச்சி, சூதாட்டம் ஆகியவை நமக்கு விலக்கு. கருவியில் ‘தொழில் துறை’ என்ற பகுதியில் இவற்றை நீக்கிவிடலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு, “ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதியை வாங்கிப் போடு, கவலையில்லை” என்று பலரும் யோசனை சொல்வதுண்டு. அந்தக் குறியீட்டில் 30 கம்பெனிகள். அவற்றுள் டி.பி.எஸ்., ஓ.சி.பி.சி., யு.ஓ.பி. ஆகிய மூன்று பாங்குகளின் பங்கு மட்டுமே ஏறத்தாழப் பாதி. சூதாட்டக் கூடம் நடத்தும் கெந்திங் சிங்கப்பூரும், மது தயாரிக்கும் தாய் பெவரேஜும் அதில் இடம்பெற்றவை. பிறருக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். நமது சல்லடையில் அது நிற்காது.

மேலும், தொழில் துறையின் பெயர் முழு உண்மையையும் சொல்லாது. பேரங்காடிக் கம்பெனி ‘அத்தியாவசியப் பொருள்’ என்ற பட்டியலில் வரும். அதன் அலமாரியில் பீரும் இருக்கும். ஹோட்டல் கம்பெனி ‘சுற்றுலா’ என்று வரும். அதனுள் மதுக்கூடமும் இருக்கும். கட்டட வாடகையில் ஓடும் ரீட்டு ‘நிலச்சொத்து’ என்று வரும். வாடகைக்கு இருப்பது பாங்காக இருக்கலாம். எனவே சல்லடையில் தேறிய பெயர்களை மறுபடியும் முறத்தில் இட்டுக் கையால் புடைத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் சல்லடை: கடன்

வட்டிக் கடன் கலவாத பெரிய கம்பெனி இக்காலத்தில் அரிது. ஆகவே உலமாக்களின் சபைகள் ஓர் எல்லை வகுத்துள்ளன. அந்த எல்லையையும் ஏற்காத ஆலிம்களும் உண்டு. அவர்கள் வழி நடப்போர் அப்படியே நடக்கலாம். நாம் ஆலிம் அல்லர். சட்டம் சொல்ல வரவில்லை. கணக்கை மட்டும் விளக்குகிறோம்.

பஹ்ரைனில் உள்ள இஸ்லாமியக் கணக்கியல் அமைப்பான ஆயோஃபியின் விதிப்படி, வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. சந்தை மதிப்பு என்பது பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. டௌ ஜோன்ஸ் இஸ்லாமியக் குறியீடு கடந்த 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்பில் 33 சதவிகிதம் என்கிறது. எஃப்.டி.எஸ்.இ. குறியீடும், 2013 நவம்பர் முதல் மலேசியப் பங்குப் பத்திர ஆணையமும், கம்பெனியின் மொத்தச் சொத்தில் 33 சதவிகிதம் என்ற கணக்கைப் பார்க்கின்றன.

இந்த வித்தியாசம் சிறிதல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கம்பெனியின் ஐந்தொகை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

மொத்தச் சொத்து: 100 மில்லியன் வெள்ளி
வட்டிக் கடன்: 32 மில்லியன்
சரக்குக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி முதலியன: 18 மில்லியன்
பங்காளிகளின் முதல்: 50 மில்லியன்

சொத்தின்படி பார்த்தால் கடன் 32 சதவிகிதம், தேறிவிட்டது. சந்தை மதிப்பு 80 மில்லியனாக இருந்தால் 32-ஐ 80-ஆல் வகுக்க 40 சதவிகிதம், தேறவில்லை. அடுத்த வருஷம் பங்கு விலை ஏறிச் சந்தை மதிப்பு 120 மில்லியன் ஆனால், அதே கடன் 27 சதவிகிதத்துக்குள் வந்து தேறிவிடும். கம்பெனி ஒரு காசும் கடனை அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு சிக்கல். தரகுக் கம்பெனிகளின் கருவியில் பெரும்பாலும் காணப்படுவது கடனுக்கும் பங்காளிகளின் முதலுக்கும் உள்ள விகிதம். மேற்சொன்ன கம்பெனிக்கு அது 32-ஐ 50-ஆல் வகுத்து 64 சதவிகிதம் என்று காட்டும். அதை 33-உடன் ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். ஆகவே அந்த எண்ணை முதற்கட்ட வடிகட்டலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தொகையிலிருந்து கடனையும் சொத்தையும் எடுத்து நாமே வகுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

எந்த விதியைப் பின்பற்றுவது? நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்த பங்கு உள்ளே வருவதற்காக இன்று ஒரு விதி, நாளை ஒரு விதி என்று மாற்றுவது, வாங்கும்போது ஒரு படியும் விற்கும்போது ஒரு படியும் வைத்திருப்பதற்குச் சமம். ‘ஹலால்’ என்று பச்சைப் புள்ளி காட்டும் செயலிகளும் இப்போது உண்டு. ஒரே கம்பெனிக்கு இரண்டு செயலிகள் இரண்டு பதில் சொன்னால் திகைக்க வேண்டாம். எந்த விதியின்படி அளந்தார்கள் என்று பாருங்கள்.

சிங்கப்பூர் ரீட்டுகளுக்குச் சொத்தில் 50 சதவிகிதம் வரை கடன் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. பலவற்றின் கடன் 35 சதவிகிதத்துக்கும் மேல். ஆகையால் நம் மக்கள் விரும்பும் ரீட்டுகளில் பல இந்தச் சல்லடையிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் சல்லடை: கலப்பு வருமானம்

தொழில் சுத்தமாக இருந்தாலும், கம்பெனியின் பணம் பாங்கில் இருந்து வட்டி வந்திருக்கும். இத்தகைய கலப்பு வருமானம் மொத்த வரவில் 5 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான விதிகளில் காணப்படும் எல்லை. இந்த எண்ணைப் பொதுவான பங்குச் சல்லடைகளில் தேடினால் கிடைக்காது. ஆண்டறிக்கையில், இலாப நஷ்டக் கணக்கில், ‘வட்டி வரவு’ என்ற வரியைத் தேட வேண்டும்.

எல்லைக்குள் இருந்தாலும் அந்தப் பங்கை நாம் உண்ணக் கூடாது, கழித்துவிட வேண்டும். உதாரணமாக 1,000 பங்குக்கு 5 காசு வீதம் 50 வெள்ளி பங்காதாயம் வந்தது. கம்பெனியின் வரவில் 2 சதவிகிதம் கலப்பு என்றால், 1 வெள்ளியை எளியோருக்குக் கொடுத்துவிடுவது ஒரு முறை. வேறு கணக்கு முறைகளும் உண்டு. இது ஸகாத்தில் சேராது. ஸகாத் தனிக் கடமை.

நான்காம் சல்லடை: சரக்கின் தரம்

மூன்று சல்லடையிலும் தேறியது ஆகுமான சரக்கு. ஆகுமான சரக்கெல்லாம் நல்ல சரக்கு ஆகாது. இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஹலால் முத்திரை உள்ள கோழியும் கெட்டுப்போகும் அல்லவா?

(1) பங்காதாய வீதம்: பங்கு 1 வெள்ளி, கடந்த வருஷப் பங்காதாயம் 6 காசு என்றால் வீதம் 6 சதவிகிதம். ஏதோ கெட்ட செய்தி வந்து விலை 50 காசுக்கு இறங்கினால், கருவி அதே 6 காசை வைத்து 12 சதவிகிதம் என்று காட்டும். விலை விழ விழ வீதம் உயரும். நாம் ஏமாந்தது இங்கேதான். ஆகவே வீதத்துக்குக் கீழ் எல்லை மட்டும் அல்ல, அளவுக்கு மீறி உயர்ந்ததை நீக்கவும் ஓர் எல்லை போட வேண்டும். ஐந்து வருஷமாகப் பங்காதாயம் தவறாமல் வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

(2) விலைக்கும் இலாபத்துக்கும் உள்ள விகிதம்: ஒரு பங்குக்கு 10 காசு இலாபம், விலை 1 வெள்ளி 20 காசு என்றால் விகிதம் 12. குறைவாக இருந்தால் மலிவு என்பார்கள். ஆனால் கம்பெனி தன் கொட்டகையை விற்று அந்த வருஷம் மட்டும் பெரும் இலாபம் காட்டியிருந்தால், விகிதம் பொய்யாக இறங்கிவிடும். கடையின் குளிர்பெட்டியை விற்ற பணத்தை மாத வியாபாரத்தில் சேர்த்துக் காட்டுவது போன்றது அது.

(3) ரொக்க வரவு: கணக்கில் இலாபம் இருந்தும் கல்லாவில் காசு இல்லாத கடைகளை நாம் அறிவோம். எல்லாம் பாக்கியில் நிற்கும். கம்பெனிகளிலும் அப்படியே. தொழிலிலிருந்து வரும் ரொக்கம் தொடர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

(4) தினசரி வியாபார அளவு: சில சிறிய கம்பெனிகளின் பங்கு நாட்கணக்கில் கைமாறாது. வாங்குவது எளிது, விற்க ஆள் கிடைக்காது.

(5) குத்தகைக் காலம்: துவாஸில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இங்குள்ள தொழிற்சாலை நிலம் பெரும்பாலும் ஜே.டி.சி.யின் குத்தகை நிலம். தொழிற்சாலை ரீட்டுகள் கூடுதல் வீதம் தருவதற்கு, குத்தகை வருஷம் கரைந்துகொண்டே போவதும் ஒரு காரணம். இந்த வருஷக் கணக்கைக் கருவியில் பார்க்க முடியாது. அறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

முத்திரையும் நிலையானதல்ல: சபானாவின் பாடம்

2010 நவம்பர் 26-இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் சபானா என்னும் ரீட்டு, 1 வெள்ளி 5 காசு விலையில் பட்டியலிடப்பட்டது. ஷரீஅத்துக்கு உட்பட்ட தொழிற்சாலை ரீட்டு என்பதே அதன் பெயரில் இருந்தது. விலக்கப்பட்ட தொழில் செய்வோரிடமிருந்து வரும் வாடகை 5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். நமது துவாஸ் அவென்யூ 4-இலும் அதற்குக் கட்டடம் இருந்தது. சமூகத்தார் பலருக்கு, தெரிந்த இடம், தெரிந்த முத்திரை என்று அதில் ஆர்வம் ஏற்பட்டதில் வியப்பில்லை.

2021 அக்டோபரில் அந்த ஷரீஅத் முத்திரை நீக்கப்பட்டது. பெயரும் சபானா தொழிற்சாலை ரீட்டு என்று ஆயிற்று. முறைப்படி அறிவித்தே செய்தார்கள், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் 2010-இல் ஒருமுறை சலித்துவிட்டு, பிறகு அறிவிப்புகளைத் திறந்தே பார்க்காதவர் ஒருவர் இருந்தால், அவர் இன்றும் அதை அதே முத்திரையுடன் நினைத்துக்கொண்டிருப்பார்.

இதிலிருந்து நாம் கற்பது, சலிப்பது ஒருமுறை வேலையல்ல என்பதே. மலேசிய ஆணையம் தன் ஷரீஅத் பட்டியலை வருஷத்துக்கு இருமுறை, மே மாதமும் நவம்பர் மாதமும், புதுப்பித்து வெளியிடுகிறது. சில கம்பெனிகள் புதிதாகச் சேரும், சில நீங்கும். அவ்வளவு பெரிய ஆணையமே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சலிக்கும்போது நாம் எம்மாத்திரம்?

நிதிகளைச் சலிக்கும்போது

ஒவ்வொரு கம்பெனியாகப் பார்க்க நேரமில்லாதவர்கள் ஷரீஅத் நிதிகளை நாடலாம். இவற்றுக்கும் தரகுக் கம்பெனிகளில் சல்லடை உண்டு. தமிழகத்தில் முதல் போட்டிருப்போருக்கும் வழி இல்லாமலில்லை: இந்தியாவில் டாடா எத்திக்கல் நிதி போன்றவை உள்ளன; நிஃப்டி 50 ஷரீஅத் போன்ற குறியீடுகளும் உள்ளன. வெளிநாட்டில் வசிப்போருக்கு அங்கே தனி விதிகள் இருப்பதால் விசாரித்துச் செய்ய வேண்டும்.

நிதியில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வருஷச் செலவு. 10,000 வெள்ளிக்கு 1.75 சதவிகிதம் என்றால் வருஷம் 175 வெள்ளி, 0.5 சதவிகிதம் என்றால் 50 வெள்ளி. இலாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் இந்தக் கூலி போய்க்கொண்டே இருக்கும். போன வருஷம் அதிகம் ஏறியது எது என்று வரிசைப்படுத்தி முதலாவதை எடுப்பது, நாம் செய்த அதே பிழை. நிதியின் ஷரீஅத் ஆலோசகர் யார், அதில் உள்ள முதல் பத்துக் கம்பெனிகள் எவை என்பதையும் பாருங்கள்.

கணக்குத் திறக்கும்போது ஜாக்கிரதை

சரக்கைச் சுத்தமாகத் தேர்ந்துவிட்டு, வாங்கும் வழியில் வட்டியைக் கலந்துவிடக் கூடாது. சில செயலிகளில், கடன் வாங்கிப் பங்கு வாங்கும் வசதியுள்ள கணக்கு தானாகவே திறக்கப்படும்; கையிருப்புக்கு மேல் வாங்கினால் வட்டி ஏறும். சும்மா கிடக்கும் ரொக்கத்தை வட்டி தரும் நிதியில் போடட்டுமா என்றும் கேட்பார்கள். படிக்காமல் சம்மதம் கொடுக்க வேண்டாம். ரொக்கக் கணக்கே நமக்குப் போதும். 2015 ஜனவரி முதல் சிங்கப்பூர்ச் சந்தையில் 100 பங்காகவே வாங்க முடிகிறது. அதற்கு முன் 1,000 பங்கு வாங்க வேண்டியிருந்தது. ஆகவே சிறுகச் சிறுக வாங்கத் தடையில்லை. கடன் வாங்கும் அவசரமும் இல்லை.

வீட்டு வேலை

பாடம் கேட்டால் மட்டும் போதாது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஆறு கட்டம் போடுங்கள்: கம்பெனியின் பெயர், தொழில், கடன் விகிதம், கலப்பு வருமானம், ஐந்து வருஷ இலாபமும் பங்காதாயமும், பார்த்த தேதி. உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து இந்தக் கட்டங்களை நிரப்புங்கள். வாங்க வேண்டாம், நிரப்பினால் போதும். ஒரு கட்டம் காலியாக இருக்கும்வரை வாங்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் திறந்து தேதியைப் புதுப்பியுங்கள்.

இன்னொன்று. உம்ராவுக்கு, மகளின் திருமணத்துக்கு, பிள்ளையின் படிப்புக்கு என்று நாள் குறித்து வைத்த பணத்தை இந்தச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு நல்ல சல்லடையானாலும், எந்த நாளில் விலை இறங்கும் என்று அதற்குத் தெரியாது. அந்தப் பணத்துக்குரியவர்கள் நம்மை நம்பிக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய முழங்கால் நமக்காகக் காத்திருக்காது.

அல்லாஹ் நம் அனைவரின் முதலிலும் உழைப்பிலும் பரக்கத்துச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.